ஓத மின்சாரம்: சுவர் எழுப்பலாமா, சுழலி இறக்கலாமா?

கடலிலிருந்து மின்சாரம் என்றதும் பலருக்கு நினைவில் வருவது அலைதான். அலை காற்றால் எழுவது. காற்று ஓய்ந்தால் அதுவும் ஓயும். ஓதம் அப்படியல்ல. நிலவும் சூரியனும் இழுக்க, பெரும்பாலான கரைகளில் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை கடல் ஏறி வற்றுகிறது. அடுத்த ஆண்டு இதே நாளில் எத்தனை மணிக்கு எவ்வளவு நீர் ஏறும் என்று இன்றே கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். காற்றாலைக்கும் சோலார் தகட்டுக்கும் இல்லாத இந்த உறுதிதான், இத்தனை செலவுக்குப் பிறகும் நாடுகளை ஓதத்தின் பக்கம் இழுக்கிறது.

இதற்கு இரண்டு பெரிய வழிகள் உண்டு. முகத்துவாரத்தை மறித்துச் சுவர் எழுப்பி, ஏறிய நீரைத் தேக்கி, வெளியே கடல் இறங்கியதும் சுழலி வழியே திறந்துவிடுவது ஒன்று. ஓடுகிற நீரிலேயே காற்றாலை போன்ற இறகுகளை இறக்கிவிடுவது இன்னொன்று. எதைத் தேர்வது என்று கேட்டால், முதலில் கரையை அளந்து பாருங்கள் என்பேன். கருவியின் விலையெல்லாம் அதற்குப் பிறகு.

சுவருக்கு வேண்டியது உயரம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு இரண்டு மடங்கானால் தேங்கும் ஆற்றல் நான்கு மடங்காகும். 1 சதுர கிலோமீட்டர் தேக்கத்தில் 8 மீட்டர் வேறுபாடு இருந்தால், ஒரு வற்றத்தில் கிடைக்கக்கூடிய உச்ச ஆற்றல் ஏறத்தாழ 89,000 யூனிட். 1 மீட்டர் என்றால் 1,400 யூனிட்தான். தமிழகக் கரையில் வேறுபாடு ஒரு மீட்டரை ஒட்டியே இருக்கிறது. அங்கே சுவரைப் பற்றிப் பேசுவதே வீண். இந்தியாவில் அந்தப் பேச்சுக்கு இடமுள்ளவை குஜராத்தின் காம்பே, கட்ச் வளைகுடாக்களும் ஓரளவு சுந்தரவனமும்தான்.

சுழலிக்கு வேண்டியது வேகம். நீரோட்டம் நொடிக்கு 1 மீட்டரிலிருந்து 3 மீட்டரானால் ஆற்றல் 27 மடங்காகும். கடல்நீர் காற்றைவிட 800 மடங்குக்கு மேல் அடர்த்தியானது என்பதால் சிறிய இறகே நிறையத் தரும். அந்த இறகு தாங்கவேண்டிய அடியும் அதற்கேற்பக் கடுமையானது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 2009இல் இறக்கிய ஒரு சுழலியின் இறகுகளை நீரோட்டம் சில வாரங்களிலேயே முறித்துவிட்டது.

சுவரின் நன்மைக்கும் தீமைக்கும் சேர்த்து ஒரே சாட்சி, பிரான்சின் லா ரான்ஸ். 1966இல் திறந்த இந்த நிலையத்தில் 10 மெகாவாட் சுழலிகள் 24 இருக்கின்றன. ஆண்டுக்குச் சுமார் 50 கோடி யூனிட் தருகிறது. அறுபதாண்டுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மின்நிலையத்தை யாரும் குறைத்துப் பேசமுடியாது. அதன் மேல் சாலையும் போகிறது. ஆனால் கட்டும்போது முகத்துவாரத்தை ஏறத்தாழ மூன்றாண்டு முழுதாக அடைத்துவிட்டார்கள். உப்பும் ஓட்டமும் மாறி, உள்ளே இருந்த உயிர்கள் பெரும்பாலும் அழிந்தன. மறுபடி ஒரு சமநிலை வரப் பத்தாண்டு ஆனது. அந்த மின்சாரத்தின் விலையை எந்தக் கட்டணச் சீட்டும் முழுதாகக் காட்டவில்லை.

தென்கொரியாவின் சிஹ்வா வேறு கதை. அங்கே 1994இலேயே நிலமீட்புக்கும் நன்னீருக்கும் என்று கடலை மறித்துச் சுவர் கட்டிவிட்டார்கள். ஆலைக்கழிவும் ஊர்க்கழிவும் சேர்ந்து உள்ளே நீர் கெட்டுப்போனது. கடல்நீர் மறுபடி வந்துபோகட்டும் என்று அந்தச் சுவரிலேயே 2011இல் 254 மெகாவாட் நிலையம் அமைத்தார்கள். நீர் தெளியத் தொடங்கியது. இருக்கும் காயத்துக்கு மருந்தாக மின்நிலையம் வந்த இடம் இது. சுவர் வழியை நான் மனமார ஏற்பது இத்தகைய இடத்தில்தான். அங்கேயும் மீனைக் கணக்கில் எடுக்கவேண்டும். கனடாவின் அன்னபோலிஸில் ஏற்கெனவே இருந்த தடுப்பில்தான் 1984இல் 20 மெகாவாட் நிலையம் வந்தது. சுழலியில் சிக்கி மீன்கள் சாவது அங்கே தீராத பிரச்சினையாக இருந்தது. 2019இல் நிலையமும் நின்றுபோனது.

ஆற்றை மறிக்காமல் கரையோரக் கடலில் வளையமாகச் சுவர் கட்டும் யோசனையும் உண்டு. வேல்ஸின் ஸ்வான்சீயில் 320 மெகாவாட்டுக்குத் திட்டமிட்டார்கள். செலவு அதிகம் என்று பிரிட்டன் அரசு 2018இல் கைவிட்டது.

சுழலி வழிக்கு இன்று நல்ல எடுத்துக்காட்டு ஸ்காட்லாந்தின் மேஜென். பென்ட்லண்ட் நீரிணையின் கடலடியில் தலா 1.5 மெகாவாட் சுழலிகள் நான்கு. மொத்தம் 6 மெகாவாட்தான். லா ரான்ஸின் நாற்பதில் ஒரு பங்கு. ஆனால் சுவர் கிடையாது. நான்கோடு தொடங்கலாம், மீனுக்கும் சீலுக்கும் கேடு தெரிந்தால் அங்கேயே நிறுத்தலாம். கட்டிய சுவரைப் பாதியில் நிறுத்தமுடியாது. எனக்கு இந்த வேறுபாடு யூனிட் கணக்கைவிடப் பெரிது.

அதிலும் ஒரு தேர்வு இருக்கிறது: கடலடியில் பதிப்பதா, மிதக்கவிடுவதா? பதித்ததைப் பழுதுபார்க்கப் பெரிய கப்பல் வேண்டும். ஓட்டம் தணியும் சிறிது நேரத்துக்குள் வேலையை முடிக்கவேண்டும். 2021இல் ஆர்க்னி தீவுக்கடலில் நங்கூரமிட்ட ஓ2 என்ற 2 மெகாவாட் மிதவை, தன் இரண்டு சுழலிகளையும் நீர்மட்டத்துக்குத் தூக்கிக்கொள்ளும். பழுதுபார்க்கச் சிறிய படகே போதும். ஆனால் மிதவை புயலை நேரே வாங்கும், கப்பல் வழியிலும் நிற்கும். ஆழமும் புயலுக்கு மறைவும் உள்ள நீரிணைக்கு மிதவை. படகுப் போக்குவரத்து மிகுந்த இடத்துக்குக் கடலடி.

பெயர்ப்பலகையில் உள்ள மெகாவாட்டை மட்டும் நம்பி முடிவெடுக்கவேண்டாம். லா ரான்ஸின் 240 மெகாவாட், ஆண்டுச் சராசரியில் கால்பங்குக்குத்தான் வேலை செய்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பொங்கும்; அட்டமி நாள்களில் தணியும். வேறுபாடு பாதியானால் தேக்கத்தின் ஆற்றல் கால்பங்காகிவிடும். எனவே ஒருநாள் அளவைக் கொண்டுவந்து காட்டுபவரைத் திருப்பி அனுப்புங்கள். குறைந்தது ஒரு முழு நிலவுச் சுழற்சி, முப்பது நாள், ஓட்டமும் மட்டமும் அளந்திருக்கவேண்டும். யூனிட்டுக்கு என்ன விலை என்றும் கேளுங்கள்: சுந்தரவனத்தின் துர்காதுவானி ஓடையில் 3.75 மெகாவாட்டுக்கு 238 கோடி ரூபாய் கேட்டதால்தான் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

அந்த நீரில் வலை விரிப்பவர்களை அளவெடுக்கும் நாளிலிருந்தே கூட வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாதம் எந்த மீன் எந்தப் பக்கம் போகிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

சுழலியை எடுக்கும் செலவையும் இறக்கும் முன்பே பேசி முடிக்கவேண்டும். ஃபண்டியில் 2018இல் ஒரு சுழலியை இறக்கிய சில நாளிலேயே அதைச் செய்த நிறுவனம் நொடித்துப்போனது. எடுக்க ஆளில்லாமல் அந்த இரும்பு ஆண்டுக்கணக்கில் கடலடியில் கிடந்தது. தூக்குவதற்கான பணத்தை முன்கூட்டியே வங்கியில் கட்டாத எவருக்கும் அனுமதி தரவேண்டாம்.