கைப்பின்னல் சுருக்குப்பை

சென்ற பருவத்தில் நடவுத் திடல் ஒன்றில் பணி நடந்துகொண்டிருந்தபோது, ஓர் அம்மையாரின் முந்தானை முடிச்சு அவிழ்ந்து வீட்டுச் சாவி சேற்றில் விழுந்துவிட்டது. நடவு நின்றது. எல்லோருமாகச் சேற்றைத் துழாவி அதனைக் கண்டெடுக்க வெகு நேரமாயிற்று. கூலிப் பணம், சாவி, மாத்திரை, அடையாள அட்டை, கைப்பேசி ஆகிய இவையே அன்றாடம் நம்முடன் வரவேண்டிய பொருள்கள். இவற்றை ஏந்தத் தோளில் குறுக்காக மாட்டிக்கொள்ளும் சிறு பையொன்றை, பருத்தி நூலும் குரோஷா ஊசியும் கொண்டு வீட்டிலேயே பின்னிக்கொள்ளலாம். அதன் முறையை இங்குக் காண்போம்.

தேவையான பொருள்கள்

நன்கு முறுக்கிய, நடுத்தரத் தடிமனுள்ள பருத்தி நூல், 3 மி.மீ. குரோஷா ஊசி, தையல் ஊசி, கத்தரி, அளவு நாடா, உட்துணிக்குப் பழைய வேட்டித் துண்டு ஆகியவை போதும். கம்பளி நூல் கனத்தில் நீண்டு தொங்கும். எனவே பருத்தி நூலே சிறந்தது. சாய நூலானால் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்து, சாயம் போகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளவும்.

கண்ணிகள் மூன்று

1. சங்கிலிக் கண்ணி: நூல் நுனியில் உருவு சுருக்கு ஒன்றிட்டு ஊசியில் மாட்டவும். நூலை ஊசியின் கொக்கியில் சுற்றி அச்சுருக்கின் வழியே இழுத்தால் ஒரு கண்ணி ஆகும்.

2. குட்டைக் கண்ணி: கீழ்க் கண்ணியில் ஊசியைச் செருகி நூலை இழுக்கவும். ஊசியில் இரண்டு வளையங்கள் இருக்கும். மீண்டும் நூலைச் சுற்றி இரண்டின் வழியாகவும் ஒருசேர இழுக்கவும்.

3. நெட்டைக் கண்ணி: முதலில் நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, கண்ணியில் செருகி நூலை இழுக்கவும். ஊசியிலுள்ள மூன்று வளையங்களை இரண்டிரண்டாக இருமுறையில் கழிக்கவும்.

மாதிரித் துண்டு

விதைக்குமுன் முளைப்புத் திறனைச் சோதிப்பது போல, பின்னுமுன் மாதிரித் துண்டு பின்னிப் பார்த்தல் அவசியம். 20 குட்டைக் கண்ணிகள் அகலத்தில் 10 வரிசை பின்னி, நனைத்து உலர்த்தி அளக்கவும். அகலம் 10 செ.மீ. இருந்தால் கீழ்க்கண்ட கணக்கு சரியாக வரும். கூடுதலாக இருந்தால் மெல்லிய ஊசியையும், குறைவாக இருந்தால் சற்றுத் தடித்த ஊசியையும் பயன்படுத்தவும்.

பின்னும் முறை

26 சங்கிலிக் கண்ணிகள் போடவும். ஊசியிலிருந்து இரண்டாவது கண்ணியில் தொடங்கி 24 கண்ணிகளில் கண்ணிக்கு ஒன்றாகக் குட்டைக் கண்ணி பின்னவும். கடைசிக் கண்ணியில் மட்டும் மூன்று பின்னி, அப்படியே திரும்பிச் சங்கிலியின் மறு பக்கத்தில் 23 கண்ணிகளும், தொடங்கிய கண்ணியில் மேலும் இரண்டும் பின்னவும். மொத்தம் 52 கண்ணிகள் ஆகும். அடியில் தையலே இல்லாததால் பிரிந்துவிடும் என்ற அச்சமில்லை.

இனிக் கூட்டாமலும் குறைக்காமலும் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே 18 செ.மீ. உயரம் வரை வரவும். சுற்றின் தொடக்கத்தில் வண்ண நூல் ஒன்றைக் கட்டி அடையாளம் வைப்பதும், நான்கு சுற்றுக்கு ஒருமுறை 52 உள்ளதா என எண்ணுவதும் நலம். கண்ணி தவறினால் பை மேலே சுருங்கிவிடும்.

அடுத்தது சுருக்குக் கயிற்றுக்கான துளை வரிசை. கொக்கியை அடுத்த கண்ணியில் செருகி, நூலை ஊசியிலுள்ள வளையத்தின் வழியே நேராக இழுத்துச் சுற்றை முடிக்கவும். 4 சங்கிலிக் கண்ணிகள் போடவும். இவற்றுள் மூன்று முதல் நெட்டைக் கண்ணிக்கு ஈடாகும். ஒரு கண்ணி விட்டு அடுத்ததில் ஒரு நெட்டைக் கண்ணி, பின் ஒரு சங்கிலி என்று சுற்றிவந்து, மூன்றாவது சங்கிலியில் இணைத்தால் 26 துளைகள் கிடைக்கும். அதன்மேல் துளைக்கு ஒன்றும் நெட்டைக் கண்ணிக்கு ஒன்றுமாகக் குட்டைக் கண்ணி பின்னி இரண்டு சுற்றில் முடிக்கவும். மூன்று இழையாகப் பின்னிய இரு கயிறுகளை எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து கோத்தால், இழுத்தவுடன் வாய் இறுக மூடும்.

தோள்பட்டி

பட்டியின் நீளத்தைத் தோளில் கயிறு போட்டு அளந்துகொள்ளவும். கனத்தில் பின்னல் நீளுமாதலால் 5 செ.மீ. குறைத்து, தையலுக்கென 12 செ.மீ. சேர்த்துச் சங்கிலி போட்டு, நீளவாக்கில் மூன்று வரிசை குட்டைக் கண்ணி பின்னவும். இரு நுனிகளையும் துளை வரிசைக்குக் கீழே பக்கவாட்டில் 6 செ.மீ. இறக்கி, நான்கு புறமும் தைக்கவும்.

உட்துணியைத் துளை வரிசைக்குக் கீழே சுற்றித் தைக்கவும். அது இல்லையேல் சாவி நுனியும் காசும் கண்ணிகளின் வழியே வெளிவரும்.

கவனிக்க வேண்டியவை

பருத்தி நீரை உறிஞ்சும். ஆகவே அட்டை, பணம், கைப்பேசி ஆகியவற்றை பிளாஸ்டிக் உறையிலிட்டு வைக்கவும். பூச்சிமருந்து தெளிக்கையில் இப்பையை அணியலாகாது. கதிரடிக்கும் இயந்திரம், பம்புசெட்டு பெல்ட்டு ஆகியவற்றின் அருகே செல்லுமுன் தவறாது கழற்றி வைக்கவும். பட்டி சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

விற்பனைக்குப் பின்னுவோர்க்கு

ஆந்திர மாநிலத்தின் நரசாப்பூர் குரோஷா லேசுக்குப் பெயர் பெற்றது. அங்கு வீட்டிலிருந்தபடி ஏற்றுமதிக்காகப் பின்னிய பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்பார் ஆராய்ந்தெழுதிய நூல் 1982-ல் வெளிவந்தது. அவர்களுடைய உழைப்பு ஓய்வுநேரப் பொழுதுபோக்காகக் கருதப்பட்டதால், கூலி மிகக் குறைவாகவே இருந்தது என்பதை அந்நூல் எடுத்துக் காட்டிற்று.

சாகுபடிச் செலவைக் கணக்கிடும்போது குடும்ப உழைப்பின் மதிப்பையும் சேர்க்குமாறு நாம் உழவர்களுக்குச் சொல்லி வருகிறோம். பின்னலுக்கும் அதுவே முறை. ஒரு பைக்கு எத்தனை மணி ஆகிறது என்று குறித்து வையுங்கள். உதாரணமாக, நூலும் துணியும் ரூ.80, உழைப்பு 6 மணி, மணிக்கு ரூ.40 எனக் கொண்டால் அடக்க விலை ரூ.320 ஆகும். ரூ.150-க்குக் கேட்பவரிடம் கொடுத்தால், நூல் விலை போக மணிக்கு ரூ.12-க்கும் குறைவாகவே கிடைக்கும். அவ்விலைக்கு விற்பதைவிடத் தமக்கும் மகளுக்கும் பின்னிக்கொள்வதே மேல்.

எனவே முதற் பையைத் தமக்கெனப் பின்னி, ஒரு பருவம் அணிந்து பாருங்கள். பட்டி நீள்கிறதா, துணி கிழிகிறதா என்று கண்டு திருத்திய பின் விற்பனையைப் பற்றி எண்ணலாம். அடுத்த நடவில் சாவியைத் தேடிச் சேற்றைத் துழாவும் வேலையேனும் மிச்சமாகும்.