கையெழுத்து போட்டவரும் போடாதவரும்: ஹங்க்பாபா லகோட்டாக்களின் கதை

சிட்டிங் புல் என்ற பெயரை எங்கேயாவது கேள்விப்பட்டிருப்பீங்க. அவருடைய மக்கள் யார் என்று கேட்டால்தான் முழிப்போம். அமெரிக்கச் சமவெளியில் வாழ்ந்த லகோட்டா மக்களுக்குள் ஏழு பிரிவுகள் உண்டு. அதில் ஒன்று ஹங்க்பாபா. எல்லோரும் சேர்ந்து வட்டமாகக் கூடாரம் போடும்போது வாசல் பக்கம் இவங்களுக்கு. பெயருக்கும் அதுதான் அர்த்தம்.

1868-ல் லாரமி கோட்டை ஒப்பந்தம் வந்தது. பிளாக் ஹில்ஸ் மலைகள் உட்பட ஒரு பெரிய நிலப்பரப்பு லகோட்டாக்களுக்கே என்று அமெரிக்க அரசு எழுதிக் கொடுத்தது. ஹங்க்பாபா தலைவர்களில் ‘கால்’ என்பவர் (நம்ம ஊர் கால் இல்லை, பித்தப்பைன்னு அர்த்தம்) கையெழுத்து போட்டார். சிட்டிங் புல் போடவில்லை.

அந்த ஒப்பந்தத்தின் 12-ஆவது பிரிவு முக்கியம். வயது வந்த ஆண்களில் நாலில் மூணு பங்கு பேர் சம்மதிக்காமல் நிலத்தை வாங்க முடியாது.

1874-ல் கஸ்டரின் படை பிளாக் ஹில்ஸில் தங்கம் இருக்கு என்று சொன்னது. அவ்வளவுதான், கூட்டம் கூட்டமாகத் தங்கம் தேடி வந்தாங்க. 1876 ஜனவரி 31-க்குள் ரிசர்வேஷனுக்கு வந்துவிட வேண்டும் என்று அரசு கெடு வைத்தது. வராதவர்கள் மேல் ராணுவம் கிளம்பியது. ஜூன் 25, லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரை. காலும், ஒக்லாலா பிரிவின் கிரேஸி ஹார்ஸும் எதிர்த்து நிற்க, கஸ்டரும் அவரோடு நேரடியாகப் போன சுமார் 210 பேரும் இறந்தாங்க.

ஜெயித்தும் நிலம் தங்கவில்லை. 1877-ல் சட்டம் போட்டு மலையை எடுத்துக்கிட்டாங்க. கையெழுத்து போட்டிருந்தது பத்தில் ஒரு பங்கு ஆண்கள்தான்!

சிட்டிங் புல் கனடா போனார். காட்டெருமைகள் குறைந்து, பசி வாட்ட, 1881-ல் திரும்பி வந்து சரணடைந்தார். அதே ஆண்டு சரணடைந்த கால், பிறகு ஸ்டாண்டிங் ராக் ரிசர்வேஷனில் நீதிபதி ஆனார். அதே ஸ்டாண்டிங் ராக்கில், 1890 டிசம்பர் 15 அன்று, கைது செய்ய வந்த போலீஸார் சிட்டிங் புல்லைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் போலீஸாரும் லகோட்டாக்களே.

அப்போ யார் செய்தது சரி? போட்டவருக்கும் நிலம் போச்சு, போடாதவருக்கும் போச்சு. 1980-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மலையை எடுத்ததற்கு இழப்பீடு தரணும் என்று தீர்ப்பளித்தது. வட்டியோடு அந்தத் தொகை இப்போது 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. வாங்கினால் மலையை விற்ற மாதிரி ஆகிவிடும் என்று அவங்க இன்றுவரை தொடவில்லை. 1868-ல் சிட்டிங் புல் சொன்ன ‘முடியாது’ இன்னும் முடியலை.