நுண்ணலை அடுப்பும் நம் சமையலறைச் சுவரும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

விறகு அடுப்பு, மண்ணெண்ணெய் ஸ்டவ், எரிவாயு அடுப்பு, மின்தூண்டல் அடுப்பு என்று நம் சமையலறை கண்ட மாறுதல்கள் பல. இவற்றுள் எதுவும் வீட்டுச் சுவரைக் கட்டுப்படுத்தியதில்லை. விறகு அடுப்பைக்கூடப் பிடிக்கவில்லையென்றால் இடித்துவிட்டு, மண் பிசைந்து அரை நாளில் வேறிடத்தில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அண்மையில் நம் பக்கத்து வீடுகளுக்குள் நுழையத் தொடங்கியிருக்கும் ஓர் அடுப்பு, வீடு கட்டும்போதே தனக்கென்று சுவரில் ஓர் இடம் கேட்கிறது. அதுவே பதிப்பு வகை மைக்ரோவேவ் அடுப்பு, அதாவது நுண்ணலை அடுப்பு.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரை பேருந்தில் வருகிறவர்கள் வழிநெடுகப் புதிய வீடுகள் எழும்புவதைக் காணலாம். அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லில் உருவான சிமெண்டும், வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் உழைத்த பணமும் சேர்ந்து எழுப்பும் வீடுகள் அவற்றுள் பல. சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மாமாவும் அப்படி ஒரு வீடு கட்டுகிறார். சமையலறைப் படம் ஒன்றைத் தொலைபேசியில் அனுப்பி, “இதே மாதிரி அடுப்பச் சுவத்துக்குள்ள வச்சுக் கட்டணும். நீ பிசிக்ஸ் படிக்கிற புள்ள, எது வாங்கறதுன்னு நீயே பாத்துச் சொல்லு” என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான் என்பதால், கம்பி ஓடும் எந்தப் பொருளைப் பற்றிய கேள்வியும் என்னிடமே வந்து சேரும். கொத்தனாரோ ஒரு வாரத்தில் சிலாப் போட்டுவிடுவேன், அளவு சொல்லுங்கள் என்று நின்றார். அந்த ஒரு வாரத்தில் படித்ததையும் விசாரித்ததையும் அளந்து பார்த்ததையுமே இங்கு எழுதுகிறேன்.

முதலில் இவ்வடுப்பு எவ்வாறு சூடாக்குகிறது என்பதைப் பார்ப்போம். இதன் இதயம் மாக்னெட்ரான் என்னும் குழாய். 1940ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டல், பூட் என்ற இருவர், ராடார் கருவிக்காக இதன் ஆற்றல்மிக்க வடிவத்தை உருவாக்கினர். போர் முடிந்த சிறிது காலத்தில், 1945இல், அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்துப் பொறியாளர் பெர்சி ஸ்பென்சர் இதைக் கொண்டு உணவைச் சூடாக்க உரிமம் கோரி விண்ணப்பித்தார். 1947இல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஆள் உயரமும் முந்நூறு கிலோவுக்கு மேல் எடையும் கொண்டதாம். மேடைமேல் வைக்கத்தக்க சிறிய வீட்டு அடுப்பு பரவலாக விற்கத் தொடங்கியது 1967இல்தான்.

மாக்னெட்ரான் வெளியிடும் அலையின் அதிர்வெண் விநாடிக்கு 245 கோடி. அலைநீளம் ஏறத்தாழ 12.2 செ.மீ. நீர் மூலக்கூறு ஒரு முனையில் நேர்மின்னும் மறுமுனையில் எதிர்மின்னும் மிகுந்த இருமுனை. மாறிக்கொண்டேயிருக்கும் மின்புலத்தின் திசைக்குத் திரும்ப முயன்று அருகிலுள்ள மூலக்கூறுகளோடு மோதுவதால் அது வெப்பத்தை உண்டாக்குகிறது. இவ்வதிர்வெண் நீரின் ஒத்ததிர்வு அதிர்வெண் என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. சாதாரண வெப்பநிலையில் நீர் மிகுதியாக உட்கவர்வது இதைப்போல் பல மடங்கு உயர்ந்த அதிர்வெண்ணிலாகும். அவ்வளவு உட்கவர்ந்தால் அலை குழம்பின் மேற்பரப்பிலேயே தீர்ந்துவிடும். உள்ளே சில செ.மீ. ஆழமாவது இறங்காது. உறைந்த பனிக்கட்டி இவ்வலையை மிகக் குறைவாகவே ஏற்கும் என்பதால்தான், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த மீன் துண்டின் ஓரம் வெந்து நடு கல்லாய்க் கிடக்கிறது.

பெட்டிக்குள் அலைகள் எதிரொலித்து நிலையலைகளாகின்றன. ஆகவே சில இடங்கள் கொதிக்கும், சில இடங்கள் குளிர்ந்திருக்கும். சுழல்தட்டு இருப்பதன் காரணம் இதுவே. எங்கள் பேராசிரியர் ஒருவர் வீட்டில் அந்தத் தட்டை எடுத்துவிட்டு, தட்டையான பீங்கானில் பச்சை அப்பளங்களை நெருக்கமாகப் பரப்பி, சில விநாடிகள் மட்டும் அடுப்பை ஓட்டினோம். அப்பளம் முதலில் பொரிந்த இடங்களுக்கிடையே இருந்த தூரம் 6.2 செ.மீ. அது அரை அலைநீளம். இருமடங்காக்கி அதிர்வெண்ணால் பெருக்கினால் ஒளியின் வேகம் விநாடிக்கு 3.04 லட்சம் கி.மீ. என்று கிடைக்கிறது. உண்மை மதிப்பு 2.998 லட்சம். ஆய்வுக்கூடத்தில் எந்தப் பரிசோதனைக் கருவியையும் முடிவில் தின்ன முடிந்ததில்லை என்பதால் இது எங்கள் வகுப்பில் மிகவும் புகழ்பெற்றுவிட்டது.

கதிர்வீச்சால் கேடு வராதா என்று என் ஆயா கேட்டதும் மிக நியாயமான கேள்வியே. இந்த அலையின் ஒரு ஃபோட்டானுக்கு உள்ள ஆற்றல் ஓர் எலெக்ட்ரான்வோல்ட்டில் லட்சத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஃபோட்டானுக்கே சுமார் 2 எலெக்ட்ரான்வோல்ட் உண்டு. எக்ஸ் கதிர் போல அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிரிக்க இதனால் இயலாது. சூடாக்க மட்டுமே இயலும். அந்தச் சூடு வெளியே வராதிருக்கக் கதவில் உலோக வலை உள்ளது. அதன் துளை ஒன்றிரண்டு மி.மீ., அலையோ 12 செ.மீ., ஆதலால் கசிவது மிகச் சொற்பம். கசிவு, அடுப்பிலிருந்து 5 செ.மீ. தொலைவில் சதுர செ.மீ.க்கு 5 மில்லிவாட்டைத் தாண்டக்கூடாது என்பது வரம்பு. ஆயாவுக்கு நான் சொன்னது இவ்வளவே: “கதவு நெளிஞ்சிருந்தாலோ சரியா மூடலைன்னாலோ போடக் கூடாது ஆயா. மத்தபடி பயம் வேணாம்.” பயப்பட வேண்டியது வேறொன்று. உள்ளே மாக்னெட்ரானுக்காகச் சில ஆயிரம் வோல்ட் உண்டாக்கப்படுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். ஊரில் ரேடியோ பிரிக்கிற துணிச்சலோடு இதைப் பிரித்தால் உயிருக்கே ஆபத்து.

இனி, இது நமக்கு எதற்குப் பயன்படும்? ஒரு சிறு கணக்குப் போடலாம். 150 மி.லி. பாலை 30 பாகையிலிருந்து 70 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 25 கிலோஜூல் வேண்டும். 800 வாட் அடுப்பில் அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். ஆனால் ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 294 கிலோஜூல், அதாவது ஆறு நிமிடத்துக்கு மேல். அளவு கூடக் கூட நேரமும் அதே விகிதத்தில் கூடும் என்பதே இவ்வடுப்பின் இயல்பு. மின்சாரத்தில் பாதியளவே அலையாக மாறும் என்று கொண்டால் இதற்கு 0.16 யூனிட் செலவு. இதையே எரிவாயு அடுப்பில் செய்ய 10 கிராம் வாயு போதும். ஆகையால் ஆறேழு பேருக்குச் சோறு வடிக்க இது உதவாது. தாளிக்கவும் உதவாது, ஏனெனில் எண்ணெய் இவ்வலையை மிகக் குறைவாகவே ஏற்கிறது. ஓட்டோடு முட்டையை வைத்தால் வெடிக்கும். ஆனால் இரவுச் சாப்பாட்டைத் தனியாகச் சூடாக்கி உண்ணும் முதியவர்களுக்கும், விடியலில் வேலைக்குப் போகிறவர்களுக்கும் இது பெரும் உதவிதான்.

கடைக்காரர்கள் அழுத்திச் சொல்லாத ஒரு செலவு பாத்திரம். நம் வீட்டில் சீர்வரிசையாக வந்து பரணில் அடுக்கியிருப்பதெல்லாம் எவர்சில்வர். உலோகம் நுண்ணலையைத் திருப்பி அனுப்பிவிடும். மெல்லிய விளிம்பிலும் ஜரிகைக் கோடிட்ட பீங்கானிலும் பொறி பறக்கும். கண்ணாடியும் பீங்கானும் புதிதாக வாங்கியாக வேண்டும். என் அத்தை இதைக் கேட்டதும் பாதி ஆர்வம் போய், “அப்ப நம்ம சாமான் எதுவுமே ஆகாதா?” என்றார்.

வகைகள் மூன்று. சூடாக்க மட்டும் உள்ளது ஒன்று. மேலே கம்பிச்சுருள் வைத்து வாட்டும் கிரில் வகை ஒன்று. வெந்நீராவி போன்ற சூடான காற்றை விசிறியால் சுழற்றி ரொட்டியும் கேக்கும் சுடும் கன்வெக்‌ஷன் வகை ஒன்று. விலையும் இவ்வரிசையிலேயே ஏறும். கேக் சுடாத வீட்டுக்குக் கன்வெக்‌ஷன் வீண் என்பது என் கருத்து. நாலைந்து பேர் உள்ள வீட்டில் சூடாக்குவதற்கு 20 முதல் 25 லிட்டர் கொள்ளளவு போதுமானது.

இப்போது சுவருக்கு வருவோம். பணம் பாழாவதும் பிழைப்பதும் இங்கேதான். படத்தில் அடுப்பு சுவருக்குள் இருப்பதுபோல் தெரிகிறதே தவிர, உண்மையில் அது பலகை அலமாரிக்குள் இருக்கிறது. பதிப்பு வகைக்குத் தேவையான இடம் பொதுவாக அகலத்தில் 56 செ.மீ., ஆழத்தில் 55 செ.மீ. வரை. நம் செங்கல் சுவரோ 9 அங்குலம், அதாவது 23 செ.மீ. சிலாப் போட்டுக் கட்டும் அலமாரியின் ஆழம் ஒன்று முதல் ஒன்றரை அடி, அதுவும் 45 செ.மீ.யைத் தாண்டாது. பழைய வீட்டில் விளக்கு வைக்கும் மாடம்போல் ஒன்றை விட்டால் போதும் என்று கொத்தனார் நினைத்திருந்தார். டேப்பைப் பிடித்துக் காட்டிய பிறகு, “ரெண்டடி ஆழமா? அப்ப மேடைய ஒட்டித்தான் இழுக்கணும்” என்று ஒப்புக்கொண்டார்.

உயரத்தில் வேறொரு சிக்கல். அகலம் ஓரளவு எல்லா நிறுவனங்களிலும் ஒன்றாயிருக்க, உயரம் 36 முதல் 45 செ.மீ. வரை மாதிரிக்கு மாதிரி மாறுகிறது. சுவர் ஐம்பது ஆண்டு நிற்கும். அடுப்பு பத்தாண்டு உழைத்தால் அதிகம். இன்றைய மாதிரியின் அளவுக்கு இறுக்கமாகச் சிலாப் போட்டுவிட்டால், அது பழுதாகும் நாளில் அதே உயரத்தில் இன்னொன்று தேடித் திருச்சிக் கடைகளில் அலைய வேண்டும். பெரிதாக விட்ட இடத்தைப் பின்னர்ப் பலகை அடித்துச் சுருக்கலாம். சிறிதாக விட்ட சிலாப்பை உடைக்கத்தான் வேண்டும்.

சாதாரண மேடை வகையை வாங்கி மாடத்துக்குள் தள்ளிவிட்டால் பாதி விலையில் அதே அழகு வந்துவிடாதா? வராது. அது பக்கவாட்டிலும் பின்புறத்திலும் சூடான காற்றை வெளியிடும். சுற்றிலும் குறிப்பேட்டில் சொன்ன இடைவெளி இல்லாவிட்டால் தன் சூட்டிலேயே தன்னைக் கெடுத்துக்கொள்ளும். பதிப்பு வகையில் காற்று முன்புறச் சட்டத்தின் வழியாகவோ அதற்கென விட்ட பாதை வழியாகவோ வெளியேறும்படி அமைத்திருப்பார்கள். கூடுதல் விலை அந்த அமைப்புக்கே.

எந்த உயரத்தில் வைப்பது என்பதில் படம் போட்டவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் கண்மட்டத்துக்கு மேலே வைக்கிறார்கள். என் அத்தை ஐந்தடிக்கும் குறைவு. ஆயா அதைவிடக் குட்டை. கொதிக்கும் குழம்பைத் தலைக்கு மேலிருந்து இறக்குவது முகத்தில் கொட்டிக்கொள்வதற்கு வழி. அடுப்பின் அடித்தட்டு, பயன்படுத்துகிறவரின் முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும். கதவு திறந்ததும் பாத்திரத்தை இறக்கி வைக்க ஒரு முழம் மேடையும் பக்கத்தில் வேண்டும்.

மின்னிணைப்பு. 800 வாட் வெளியீடுள்ள அடுப்பு சுமார் 1250 வாட் இழுக்கும், அது 230 வோல்ட்டில் 5.4 ஆம்பியர். கன்வெக்‌ஷன் வகை 10 ஆம்பியர் வரை போகலாம். 6 ஆம்பியர் விளக்குப் புள்ளியில் இதைச் செருகக் கூடாது. 16 ஆம்பியர் புள்ளிக்குத் தனிக் கம்பி, குறைந்தது 2.5 சதுர மி.மீ. செம்பு, நல்ல எர்த்து. புள்ளியை அடுப்புக்கு நேர் பின்னால் வைத்தால் பிளக்கே இரண்டு அங்குல ஆழத்தைத் தின்றுவிடும். பிடுங்க வேண்டுமென்றால் அடுப்பையே இழுக்க வேண்டும். பக்கத்து அறையில் வைப்பதே சரி.

கடைசியில் 70 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம், 55 செ.மீ. உயரம் உள்ள திறந்த மாடமாகக் கட்டச் சொன்னேன். இப்போதைக்கு 23 லிட்டர் மேடை வகை ஒன்றை இடைவெளி விட்டு அதில் வைக்கலாம். அத்தைக்குப் பழகிப் பிடித்தால், பின்னால் தச்சரைக் கொண்டு சட்டம் அடித்துப் பதிப்பு வகைக்கு மாறலாம். மாமாவுக்குச் சிறிது ஏமாற்றம். “படத்துல இருக்கற மாதிரி வராதா?” என்றார். மிச்சமாகும் பணத்தில் மேடைக்கு நல்ல கிரானைட் போடலாம் என்றதும் சம்மதித்தார்.

இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது. அந்தத் தெருவில் ஆழ்குழாய் மோட்டார்கள் ஓடும் மாலை வேளையில் மின்னழுத்தத்தை மல்டிமீட்டரால் அளந்தேன். 205 வோல்ட் காட்டியது. கம்பிச்சுருளின் திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுமாதலால் கிரில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், மாக்னெட்ரானும் சோர்ந்துபோகும். எவ்வளவு என்று அறிய எளிய வழி உண்டு. ஒரு லிட்டர் நீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்துச் சரியாக இரண்டு நிமிடம் ஓட்டிக் கலக்கி, வெப்பநிலை உயர்வை 35ஆல் பெருக்கினால் உண்மையான வெளியீடு வாட்டில் கிடைக்கும். 23 பாகை உயர்ந்தால் 800 வாட். அடுப்பு வந்திறங்கியதும் மதியம் ஒருமுறையும் மாலை ஏழு மணிக்கு ஒருமுறையும் இதைச் செய்து பார்ப்பதாக இருக்கிறேன். துறையிலிருந்து வெப்பமானி ஒன்றை இரவலாகத் தருவதாகப் பேராசிரியரும் சொல்லியிருக்கிறார்.