பேதியும் மருந்தின் அளவும்

மழைக்காலம் தொடங்கியதும் நமது கிராமங்களில் குழந்தைகளுக்குப் பேதி காண்பது வழக்கமாக இருந்து வருகிறது. புதுத் தண்ணீர் வந்ததனால்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. சாக்கடை நீரும் மழை நீரும் ஒன்றாகக் கலந்து, உடைந்த குழாய்க்குள்ளும் மூடாத கிணற்றுக்குள்ளும் புகும் காலம் அது. ஆனால் பேதியினால் குழந்தை இறக்க நேர்ந்தால், பெரும்பாலும் அதன் உடம்பிலுள்ள நீரும் உப்பும் வெளியேறி வற்றிவிடுவதே காரணமாகும். போன நீரையும் உப்பையும் போகப்போக ஈடு செய்துவிட்டால், அநேகமாக எல்லாக் குழந்தைகளையும் வீட்டிலேயே காப்பாற்றிவிடலாம்.

இதற்கான மருந்து உப்பு சர்க்கரைப் பொட்டலம் ஆகும். ஓ.ஆர்.எஸ். என்று சொன்னால் இன்று எல்லோருக்கும் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் இலவசமாகவே கொடுக்கிறார்கள். மருந்து கிடைக்காத குறை இப்போது பெரிதன்று. அதைக் கரைக்கும் முறையில்தான் குறை இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டிய பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு சிட்டிகை எடுத்து ஒரு டம்ளரில் போட்டுக் கலக்கிவிட்டு, மீதியை மடித்து மாடத்தில் வைக்கும் வழக்கத்தை நாம் பல வீடுகளில் காண்கிறோம். சில வீடுகளில் மருந்து நன்றாக வேலை செய்யட்டும் என்று முழுப் பொட்டலத்தையும் ஒரே டம்ளரில் கொட்டிவிடுகிறார்கள். இரண்டும் தவறு, பின்னது ஆபத்தான தவறு.

நமது குடல் உப்பைத் தனியாக உறிஞ்சுவதைக் காட்டிலும் சர்க்கரையுடன் சேர்த்து எளிதாக உறிஞ்சுகிறது. உப்பும் சர்க்கரையும் உள்ளே போகும்போது நீரும் உடன் செல்கிறது. பேதியின்போதும் இந்த வழி அடைபடுவதில்லை. கரைசல் மிகக் கெட்டியாக இருந்தால், குடல் உறிஞ்சுவதற்குப் பதிலாக உடம்பிலுள்ள நீரே குடலுக்குள் இழுக்கப்பட்டுப் பேதி அதிகமாகும். இரத்தத்தில் உப்பு மிகுந்து குழந்தைக்கு வலிப்பும் வரக்கூடும். மிகவும் நீர்த்திருந்தாலோ, போன உப்புக்கு ஈடு கிடைப்பதில்லை.

அளவிட்டுக் கட்டிய பொட்டலத்தின் அருமை 1971-ஆம் ஆண்டில் நன்கு வெளிப்பட்டது. அப்போது கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் எல்லையோரத்துப் போன்காவ் முகாமில் நிறைந்திருந்தார்கள். காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மகாலனபீஸ் என்பவர் உப்பு, குளுகோஸ், சமையல் சோடா ஆகியவற்றை நிறுத்துப் பொட்டலங்களாகக் கட்டச் செய்து, கரைத்த நீரை நோயாளிகளின் உறவினர்களிடமே கொடுத்துப் புகட்டச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் வரை மாண்டுகொண்டிருந்த இடத்தில், இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் இறந்தோர் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவாகவே இருந்தனர். புகட்டியவர்கள் படித்த நர்சுகள் அல்லர், தாயும் தமக்கையும்தான். நிறுத்தும் வேலை முன்பே முடிந்திருந்தமையால் அவர்களால் அது இயன்றது என்பது நமது எண்ணம்.

ஆகவே முதலில் பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு உரியது. சிறியது 200 மில்லி லிட்டருக்கு உரியது. கொதித்து ஆறிய தண்ணீரை அளந்து எடுத்து, பொட்டலம் முழுவதையும் ஒரே தடவையில் கரைத்துவிட வேண்டும். பால், பழச்சாறு எதிலும் கரைக்கலாகாது. மேற்கொண்டு சர்க்கரையும் சேர்க்கலாகாது. கரைத்ததை மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் செலவிட வேண்டும், மீந்ததைக் கொட்டிவிடலாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை பேதியானதும் 50 முதல் 100 மில்லி லிட்டர் வரை, அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி லிட்டர் வரை, கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மீண்டும் மெதுவாகக் கொடுக்கலாம். தாய்ப்பாலை எக்காரணத்தாலும் நிறுத்தக் கூடாது. கஞ்சியும் மோர்ச் சாதமும் சாப்பிடும் குழந்தையைப் பட்டினி போடுவதும் தவறு. பொட்டலம் கைக்கு வரும் வரை, ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். கடைகளில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கி விற்கப்பட்ட இனிப்புப் பானங்கள் இந்த மருந்து அல்ல. அப்பெயரை அவற்றில் அச்சிடலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்புத் தர ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது.

பொட்டலத்துடன் துத்தநாக மாத்திரையும் தருவார்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாள் ஒன்றுக்கு 20 மில்லி கிராம் மாத்திரை ஒன்று. இரண்டு முதல் ஆறு மாதக் குழந்தைக்குப் பாதி. இதை 14 நாட்கள் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாள் பேதி நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. மறுபடியும் பேதி வராமல் காப்பதற்காகத்தான் எஞ்சிய நாட்களும் கொடுக்கச் சொல்கிறார்கள்.

பெரியவர்கள் சாப்பிடும், பேதியை உடனே கட்டும் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. அது குடலின் அசைவை நிறுத்தி வயிறு உப்பச் செய்யும். அதுபோலவே சென்ற மாதம் யாருக்கோ எழுதிக் கொடுத்ததில் மிஞ்சிய ஆன்டிபயாடிக் மாத்திரையையும் கொடுக்கலாகாது. அத்தகைய மருந்துப் பட்டையில் சிவப்புக் கோடு போட்டிருக்கும். டாக்டர் சீட்டின்றி உட்கொள்ளக் கூடாது என்பதற்கு அது அடையாளம். குழந்தைகளின் பேதிக்குப் பெரும்பாலும் அந்த மருந்து தேவைப்படுவதே இல்லை.

ஜுரம் சேர்ந்து வந்தால் பாரசிட்டமால் தேடுகிறோம். இதிலும் அளவே பிரதானம். குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் பொதுவாக ஒரு மில்லி லிட்டருக்கு 100 மில்லி கிராம் இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லி லிட்டருக்கு 120 அல்லது 125 மில்லி கிராம் இருக்கலாம். 250 உள்ளதும் உண்டு. சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தில் ஒரு தேக்கரண்டி கொடுத்தால் 500 மில்லி கிராம் உள்ளே போய்விடும். பத்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு உரியதோ 100 முதல் 150 மில்லி கிராம் வரைதான். மிகையானால் ஈரல் கெடும். ஆகையால் குழந்தையின் எடையைச் சொல்லி டாக்டரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ அளவைக் கேட்டு, புட்டியுடன் வரும் மூடியினாலோ பீச்சியினாலோ மட்டுமே அளக்க வேண்டும். ஏக்கருக்கு இத்தனை கிலோ யூரியா என்று கணக்குப் பார்க்கும் நாம், மருந்துக்கு மட்டும் கண்திட்டம் போதும் என்று இருப்பது விந்தை.

கண்கள் குழி விழுந்தாலும், கிள்ளிவிட்ட தோல் மெதுவாகத் திரும்பினாலும், குழந்தை குடிக்க இயலாமல் சோர்ந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், வீட்டு வைத்தியத்தில் பொழுதைப் போக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். போகும் வழியிலும் விழுங்கக்கூடிய குழந்தைக்குக் கரைசலைப் புகட்டலாம்.

இதுவரை சொன்னது வீட்டாரின் வேலை. பேதி வராமல் தடுப்பதில் பஞ்சாயத்துக்கும் ஓர் அளவு வேலை இருக்கிறது. மேல்நிலைத் தொட்டியில் 1,000 லிட்டருக்கு 4 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடர் சேர்ப்பது வழக்கம். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம் ஆகிறது. பவுடரை அப்படியே தொட்டியில் தூவிவிட்டு இறங்குவது பயன் தராது. வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பின்பு தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் கழித்தே வால்வைத் திறக்கலாம்.

நிறுத்துப் போட்டும் குணம் தெரியாத இடங்கள் உண்டு. மூட்டையைத் திறந்து போட்டிருந்தால் காற்றும் ஈரமும் பட்டுப் பவுடரின் வீரியம் போய்விடும். அப்போது 120 கிராம் என்பது கணக்கில்தான் இருக்கும், தண்ணீரில் இராது. எனவே பவுடரைக் காற்றுப் புகாத டப்பாவில் நிழலில் வைக்க வேண்டும். தொட்டி இயக்குபவர் தெருவின் கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்துக் குளோரோஸ்கோப் கருவியால் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லி கிராம் குளோரினாவது அங்கே எஞ்சி இருக்க வேண்டும். தொட்டியடிக் குழாயில் நிறம் காட்டி, கடைசிக் குழாயில் காட்டாவிட்டால், இடையில் எங்கேனும் குழாய் உடைந்து அழுக்கு நீர் புகுகிறதா என்று சாக்கடையோரமாக நடந்து பார்க்க வேண்டும். உடைப்பை அடைக்கும் வரை அத்தெருவினர் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி அன்றே தண்டோரா போட்டுவிடுவது நலம்.