கத்திரி வெயிலில் மீன்தொட்டி: தண்ணீர் தெளிய இப்போதே செய்ய வேண்டியவை

பருவகால ஆலோசனை: பங்குனிக் கடைசி முதல் வைகாசி முடிய

கத்திரி பிறக்க மே 4 ஆகும். ஆனால் மதுரை வெயில் அதுவரை காத்திருப்பதில்லை. பங்குனி முடியும்போதே பகலெல்லாம் அனல் அடிக்கிறது; மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்பவர்களுக்கு வருஷத்தில் சோதனையான காலம் இதுதான். நேற்றுவரை தெளிவாகக் கிடந்த தண்ணீர் ஒரே இரவில் அரிசி களைந்த கழனிபோல வெளுத்து நிற்கும். பார்த்ததும் பதற்றம் வரும். தொட்டியை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய், கல், பஞ்சு, செடி எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்பத் தோன்றும். அப்படிச் செய்தால் இரண்டு நாள் பளிச்சென்று இருக்கும். அதன்பின் முன்னைவிட மோசமாகக் கலங்கும், மீனும் ஒவ்வொன்றாகச் சாகும். ஆகவே இந்தக் கோடைக்கு எல்லாவற்றிற்கும் முன்னால் சொல்ல வேண்டியது: தண்ணீர் கலங்கினால் தொட்டியை மொத்தமாகக் கழுவாதீர்கள்.

ஏனென்றால் அந்தத் தண்ணீரைக் காப்பாற்றி வருபவை ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா வருகிறது. நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரோஸ்பைரா போன்றவை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் அளவோடு இருக்கும்வரை பெரிதாகத் தொந்தரவு தராது. புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் நிலைகொள்ள 4 முதல் 6 வாரம் பிடிக்கும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பஞ்சை அலசினால் அத்தனை வார உழைப்பும் வாளியோடு போகிறது.

பஞ்சைக் கழுவவே கூடாது என்பதல்ல. தொட்டியிலிருந்து ஒரு மக்குத் தண்ணீர் எடுத்து, அதில் பஞ்சை இரண்டு மூன்று முறை மெதுவாக அழுத்தி விடுங்கள். டீ டிக்காக்‌ஷன் நிறத்தில் அழுக்கு இறங்கும். பஞ்சு பழுப்பாகவே இருக்கட்டும், வெள்ளையாக வேண்டாம். ஃபில்டரில் இரண்டு பஞ்சு இருந்தால் இந்த வாரம் ஒன்று, இரண்டு வாரம் கழித்து மற்றது. அதே நாளில் கல்லைக் கிளறிச் சுத்தம் செய்ய வேண்டாம்.

இனி வெப்பம். தண்ணீர் சூடாக ஆக அது பிடித்துவைக்கும் ஆக்சிஜன் குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம், 32 டிகிரியில் 7.3. குறைவது கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் அதே சூட்டில் மீன் வேகமாக மூச்சுவிடுகிறது, பாக்டீரியாக்களும் கூடுதலாக ஆக்சிஜன் கேட்கின்றன. வரவு குறையும் நேரத்தில்தான் செலவு கூடுகிறது. அமோனியாவும் சூட்டில் கொடியதாகிறது. பி.எச். 8 உள்ள தண்ணீரில் 25 டிகிரியில் மொத்த அமோனியாவில் சுமார் 5 சதவீதம்தான் நஞ்சான வடிவில் இருக்கும். 32 டிகிரியில் அது 8 சதவீதத்தைத் தாண்டும். பி.எச். 7 என்றால் அதே 32 டிகிரியில் ஒரு சதவீதம்கூட இராது. மதுரையைச் சுற்றிப் பல இடங்களில் போர் தண்ணீர் கடினமானது, காரத்தன்மை கூடியது என்பதால் நமக்கு இந்தக் கணக்கு முக்கியம். விடியற்காலையில் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது பசியல்ல, மூச்சுத் திணறல். உடனே ஏர் பம்பைப் போடுங்கள், தீனி போடாதீர்கள்.

தொட்டியைக் குளிரவைக்க நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு. சென்னையைப்போல இங்கே கடல் ஈரம் இல்லை; கோடைப் பகலில் காற்று வறண்டிருக்கும். அதனால் மூடியை எடுத்துவிட்டுக் கொசுவலைத் துணியைக் கட்டி, ஒரு சிறிய மேசை ஃபேனைத் தண்ணீர் மட்டத்தின் மேல் காற்று படும்படி சாய்த்து வைத்தாலே இரண்டு மூன்று டிகிரி இறங்கும். வலைத் துணி கட்டாயம் வேண்டும், சூடு தாங்காத மீன் எகிறிக் குதிக்கும். ஐஸ் கட்டியை நேராகப் போட வேண்டாம். அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து மிதக்கவிடலாம். சில மணி நேரத்தில் இரண்டு டிகிரிக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேற்குச் சுவரை ஒட்டியோ ஜன்னல் வெயில் விழும் இடத்திலோ தொட்டி இருந்தால், சூடு ஏறும் முன்பே இந்த வாரத்தில் இடம் மாற்றிவிடுவது நல்லது.

ஃபேன் போட்டதும் வேறொரு சிக்கல் தொடங்கும். பெரும்பாலான தொட்டிக்காரர்கள் இதைக் கவனிப்பதே இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வீடுகளில் சாதாரணமாக இருப்பது 2 அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி. கல்லும் மேல் இடைவெளியும் போக அதில் 50 லிட்டருக்குள்தான் தண்ணீர் நிற்கும். மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் கிட்டத்தட்ட 2 லிட்டர் ஆவியாகிவிட்டது என்று அர்த்தம். ஆவியாவது வெறும் தண்ணீர்தான். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. இறங்கிய மட்டத்தைத் தினமும் போர் தண்ணீரால் நிரப்புகிறோம். அந்தத் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்பு, லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் 2 லிட்டர் ஊற்றினால் 2 கிராம் உப்பு சேரும். 25 நாளில் 50 கிராம். தொட்டியில் முதலில் இருந்த உப்பும் அதே 50 கிராம்தான். கத்திரி முடிவதற்குள் உப்பு இரட்டிப்பாகிவிடும். கண்ணாடியின் மேல்விளிம்பில் சுண்ணாம்புக் கோடுபோல வெள்ளையாகப் படிவது இதன் அடையாளம். தண்ணீர் மங்குவதற்கும், செடி இலைகள் சாம்பல் பூத்தாற்போல இருப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

ஆகவே ஆவியான அளவை ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீரோ கேன் தண்ணீரோ ஊற்றுங்கள். வாராந்திரத் தண்ணீர் மாற்றத்துக்கு மட்டும் வழக்கமான தண்ணீர். ஆர்.ஓ. கருவியிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரைச் சிக்கனம் கருதித் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். உப்பு செறிந்திருப்பது அதில்தான். வீட்டைக் கழுவ வைத்துக்கொள்ளலாம்.

மாநகராட்சிக் குழாயில் வரும் வைகை அணைத் தண்ணீர் பண்ணைப்பட்டியில் சுத்திகரிக்கப்பட்டு வருவது. 1895 முதல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பிவிடப்பட்டு வைகையில் சேர்ந்துகொண்டிருப்பதால், போர் தண்ணீரைவிட இது மென்மையானது, மீனுக்கு உகந்தது. இதில் கவனிக்க வேண்டியது குளோரின். குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். மனிதருக்கு நல்லதான அந்த அளவே மீனின் செவுளைப் புண்ணாக்கும். அணை மட்டம் இறங்கிக் குழாயில் தண்ணீர் வரும் நாட்கள் குறையும்போது பலருக்கு லாரித் தண்ணீர்தான் கதி. அதில் பிளீச்சிங் பவுடர் நெடி தூக்கலாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

வாய் அகன்ற பாத்திரத்தில் பிடித்து ஒருநாள் முழுக்க வைத்தாலே பெரும்பாலும் குளோரின் போய்விடும், உள்ளே ஏர் பம்ப் ஓடினால் இன்னும் சீக்கிரம். அவசரத்துக்கு மீன் கடைகளில் ஆன்டி-குளோரின் சொட்டு மருந்து கிடைக்கும். லேபிளில் போட்டிருக்கும் அளவைத் தாண்ட வேண்டாம். பிடித்துவைத்த தண்ணீரை வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டி மூடுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடத் தேடுவது இப்படிச் சேமித்த நல்ல தண்ணீரைத்தான்.

வாரம் ஒருமுறை ஒரு குடம் தண்ணீரை எடுத்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். 2 அடித் தொட்டிக்கு அது ஏறக்குறைய கால் பங்கு வரும், போதும். ஊற்றும் நேரம் காலை 6 மணி. பகல் 2 மணிக்கு மொட்டை மாடி சின்டெக்ஸ் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கையைச் சுடும். அதை அப்படியே ஊற்றினால் மீன் தாங்காது.

கலங்கலில் மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் வைத்தியம் வேறு. வெள்ளைக் கலங்கல் என்றால் மிஞ்சிய தீனியிலும் கழிவிலும் வேறுவகை பாக்டீரியாக்கள் தண்ணீருக்குள்ளேயே பெருகியிருக்கின்றன. இரண்டு நாள் தீனியை நிறுத்தி, ஏர் பம்பை இரவும் பகலும் ஓடவிட்டு, தினம் அரைக் குடம் மாற்றினால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தெளியும். பச்சையாக இருந்தால் அது மிதக்கும் பாசி. கோடையில் வற்றும் ஊருணிகள் பச்சைபிடித்து நிற்பதும் இதனால்தான். வெளிச்சமும் நைட்ரேட்டும் அதற்குத் தீனி. விளக்கை ஒருநாளுக்கு 6 மணி நேரத்தோடு நிறுத்துங்கள். அடங்காவிட்டால் மூன்று நாள் தொட்டியைப் போர்வையால் மூடி இருட்டாக்கலாம். ஆனால் சாகும் பாசி ஆக்சிஜனை இழுக்கும், ஆகவே அந்த நாட்களில் ஏர் பம்ப் ஒரு நிமிடமும் நிற்கக் கூடாது. மூன்றாவது, டீ நிறம். தொட்டியில் மரக்கட்டையோ நாட்டு வாதாம் இலையோ கிடந்தால் அதன் சாயம்தான். மீனுக்குக் கெடுதல் இல்லை, ஃபைட்டர் மீனுக்கு நல்லதும்கூட. அதை விட்டுவிடுங்கள்.

படிகாரத்தையும் தேத்தாங்கொட்டையையும் பலர் கேட்கிறார்கள். குடத்துத் தண்ணீரைத் தெளியவைக்க நம் பாட்டிமார் கையாண்ட நல்ல பொருள்கள் அவை. மீன் நீந்தும் தொட்டியில் வேண்டாம். தூசியைத் திரட்டிப் படியவைப்பதுதான் அவற்றின் வேலை. அந்தத் திரள் செவுளிலும் ஒட்டும், அமோனியா மட்டும் அப்படியே நிற்கும். அதைவிட, மணி பிளான்ட் கொடி ஒன்றை வெட்டி வேர் மட்டும் தண்ணீரில் இருக்கும்படி தொட்டி விளிம்பில் தொங்கவிடுங்கள். பள்ளிக்கூடச் சோதனையில் குமிழிவிடுமே, அந்த ஹைட்ரில்லாவும் ஒரு கொத்து இருக்கட்டும். இரண்டும் நைட்ரேட்டை உறிஞ்சிப் பாசியின் வாயில் மண்ணைப் போடும்.

மின்தடைக்கும் தயாராக இருங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை கரண்ட் இருக்காது என்று அறிவிப்பு வந்தால், அன்று காலைத் தீனி வேண்டாம். பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் விலை அதிகமில்லை. கத்திரிக்கு முன் வாங்கிவைப்பது புத்திசாலித்தனம். அது இல்லாத வீட்டில் அரைமணிக்கு ஒருமுறை மக்கில் மொண்டு ஓரடி உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றலாம். பலரும் தவறவிடுவது கரண்ட் திரும்பி வரும் நேரத்தைத்தான். பல மணி நேரம் நின்ற மூடிய ஃபில்டருக்குள் ஆக்சிஜன் இல்லாமல் பாக்டீரியா செத்து அழுகியிருக்கும். அப்படியே ஸ்விட்சைப் போட்டால் நாற்றமடிக்கும் தண்ணீர் முழுதும் தொட்டிக்குள் பாயும். பஞ்சை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு, பிறகு ஓடவிடுங்கள்.

சித்திரைத் திருவிழா வருகிறது. திருக்கல்யாணம், தேர், அழகர் ஆற்றில் இறங்குவது என்று ஊரே திரளும் நாட்களில் வீடு நிறைய விருந்தாளிகள். வரும் பிள்ளைகளுக்கெல்லாம் மீனுக்குத் தீனி போட ஆசை. ஒருவர் போட்டது இன்னொருவருக்குத் தெரியாது; பொரியும் பிஸ்கட் தூளும்கூட உள்ளே விழும். தண்ணீர் கெடுவது பெரும்பாலும் இந்த ஒரு வாரத்தில்தான். அன்றைய தீனியைக் காலையிலேயே சின்னக் கிண்ணத்தில் எடுத்துவைத்து, டப்பாவைப் பீரோவில் பூட்டிவிடுங்கள். கிண்ணம் காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான் என்று பிள்ளைகளிடம் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். இரண்டு நிமிடத்தில் மீன்கள் தின்று முடிக்கும் அளவு, ஒருநாளைக்கு ஒருமுறை. கோடைக்கு அது தாராளம். விடுமுறைக்கு ஒரு வாரம் வெளியூர் போவதானால் வளர்ந்த, நோயில்லாத மீன்களுக்குத் தீனியே போடாமல் போகலாம். பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுத்தால் ஃபில்டர் ஓடுகிறதா என்று பார்க்க மட்டும் சொல்லுங்கள்.

இந்த இரண்டு மாதம் புது மீன் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். வாங்கியே ஆக வேண்டுமானால் கப்பியும் மோலியும் நம் கடினத் தண்ணீரையும் சூட்டையும் ஓரளவு தாங்கும்; கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், கழிவும் அதிகம், கத்திரியில் அதைப் படுத்த வேண்டாம். தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்று டேங்க் கிளீனர் மீனை வாங்காதீர்கள். அது கண்ணாடியில் ஒட்டிய பாசியைச் சுரண்டித் தின்னும், அதற்கு மேல் கழிவு போடும், ஓரடிக்கு மேல் வளரும். பெரிதானதும் வைகையிலோ கண்மாயிலோ விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தென்னமெரிக்க மீன் அது. கவசம் போன்ற உடம்பு, இங்கே அதைத் தின்ன அதிகம் எதுவும் இல்லை. நம் அயிரைக்கும் கெண்டைக்கும் உள்ள இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். 2018 வெள்ளத்துக்குப் பின் கேரள ஆறுகளில் அரபைமா போன்ற வளர்ப்பு மீன்கள் வலையில் சிக்கியதை நாடே பார்த்தது. வளர்க்க முடியாத மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். வாங்க மறுத்தால், பெரிய தொட்டி வைத்திருக்கும் யாராவது ஒருவரைத் தேடிப் பிடித்து அவர் கையில் ஒப்படையுங்கள்.