எரிவாயு ஆராய்ச்சிக்கு அயல்நாட்டு நிதி கோரும் முறை

சேலம், நாமக்கல் சமவெளியில் மரவள்ளி மாவு ஆலைகளும் கோழிப் பண்ணைகளும் மிகுந்திருப்பதை யாவரும் அறிவர். ஆலைக் கழிவுநீரும், திப்பியும், கோழி எருவும் காற்றுப் படாமல் அழுகும்போது மீதேன் வாயு உண்டாகிறது. அது வானில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில் கரியமிலவாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைத் தேக்கும். கலத்தில் பிடித்தால் அடுப்புக்கும் எஞ்சினுக்கும் எரிபொருளாகும். அயல்நாட்டு நிதி ஸ்தாபனங்கள் இவ்விஷயத்தில் சிரத்தை கொள்வதற்கு இதுவே காரணம்.

இதற்கு முன்னுதாரணமும் உண்டு. கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் முறைகளை இந்தியாவில் பரப்ப 1994-ல் தொடங்கிய திட்டத்திற்கு, உலகச் சுற்றுச்சூழல் நிதியம் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் வாயிலாகச் சுமார் 55 லட்சம் டாலர் உதவிற்று. இந்திய அரசாங்கமும் தன் பங்கை அளித்தது. சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அதில் பங்கு கொண்டது. கோயம்பேடு சந்தையின் காய்கறிக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையமும் அத்திட்டத்தில் அமைந்ததே. பணம் தனி நபரை நாடி வரவில்லை, அரசாங்கத்தின் மூலமாகவே வந்தது என்பதைக் கவனிக்க.

விண்ணப்பம் செய்வோர் கீழ்க்கண்டவற்றை மனத்திற் கொள்ளுதல் நலம்.

1. வினா தெளிவாயிருத்தல் வேண்டும். கோழி எருவில் தழைச்சத்து அதிகம். தனியே இட்டால் அம்மோனியா பெருகி, மீதேன் தரும் நுண்ணுயிர்களை அடக்கும். திப்பியில் மாவுச்சத்து அதிகம். தனியே இட்டால் விரைவில் புளித்துப்போம். கரி 20 முதல் 30 பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு இருத்தல் உகந்தது. ஆகையால், இவ்விரண்டையும் எவ்விகிதத்தில் கலந்தால் எத்தனை நாளில் எவ்வளவு வாயு கிடைக்கும் என்பது நல்ல வினா. எரிவாயுத் தொழிலை அபிவிருத்தி செய்ய உதவுக என்பது வினாவன்று, விருப்பமே.

2. அன்றாடம் சேரும் எருவின் எடை, கழிவுநீரின் அளவு, அதன் புளிப்பு ஆகியவற்றை ஒரு வருஷமாவது குறித்து வைத்தல் வேண்டும். ஆலை ஓடும் பருவத்திற்கும் ஓயும் பருவத்திற்கும் வேற்றுமை உண்டு.

3. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் போன்ற ஸ்தாபனமொன்று விண்ணப்பதாரராயிருக்க, ஆலையும் பண்ணையும் கூட்டாளிகளாய்ச் சேர்தல் எளிது. சங்கங்கள் தாமே அயல்நாட்டு நன்கொடை பெறுவதாயின், 2010-ஆம் வருஷத்துச் சட்டப்படி பதிவு அல்லது முன் அனுமதி பெறுதல் அவசியம்.

4. உதவிக் காலம் தீர்ந்தபின் கலத்தை நடத்துபவர் யார், பழுது பார்க்கும் செலவு எவருடையது, வெளிவரும் சாந்து எந்த நிலத்திற்குப் போகும் என்பவற்றை முன்னரே எழுத்தில் ஒப்புக்கொள்ளல் வேண்டும். இவை தீராத இடத்தில் பணம் வந்தும் பயனில்லை; கலம் ஓய்ந்து, கழிவு பழையபடி ஓடைக்கே திரும்பும்.