வேரைப் பார்க்காமல் வைத்தியம் சொல்லாதே

அன்புள்ள தம்பிக்கு,

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையில் நர்சரி போட்டிருக்கிறாய் என்று கேள்விப்பட்டதில் மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டால், சோற்றுக்கற்றாழைத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். "செடி வாடுது தம்பி, என்ன உரம் போடலாம்?" என்றுதான் கேட்பார்கள். அதற்கு உடனே பதில் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தண்ணீர் இல்லாமல் காய்ந்தாலும் கற்றாழையின் மடல் மெலிந்து, சுருங்கி, உள்பக்கமாக மடங்கும். தண்ணீர் மிஞ்சி வேர் அழுகினாலும் அப்படியேதான் மடங்கும். சுற்றிலும் ஈரம் இருந்தும் உறிஞ்ச வேர் இல்லையே! மடலை மட்டும் பார்த்துவிட்டு "தண்ணி ஊத்துங்க" என்று சொன்னால், தாகத்தில் இருக்கிற செடி பிழைக்கும். அழுகுகிற செடி செத்துப்போகும். உரம் போடச் சொன்னால் அதைவிடச் சீக்கிரம் போகும்.

ஆகவே தொட்டியைச் சாய்த்துச் செடியை வெளியே எடு. மண்ணை உதிர்த்துவிட்டு, ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல உருவிப் பார். நல்ல வேர் தடிப்பாக, வெளிர்மஞ்சளாக, விறைப்பாக இருக்கும். அழுகின வேரின் தோல் விரலோடு கழன்று வந்துவிடும். உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்புதான் மிஞ்சும். மண்ணில் புளித்த நாற்றமும் அடிக்கும். வாடிக்கையாளரின் கண் முன்னாலேயே இதைச் செய். நீ நூறு தடவை சொல்வதைவிட அந்த ஒரு வேர் அவருக்கு நன்றாகப் புரியவைக்கும்.

அழுகல்தான் என்று தெரிந்தால் தயங்காமல் கத்தியை எடு. ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, தண்டின் வெட்டுமுகம் முழுக்க வெளுப்பாகத் தெரியும்வரை வெட்டிக்கொண்டே போ. நடுவில் பழுப்பாக ஒரு புள்ளி இருந்தாலும் இன்னும் கொஞ்சம் மேலே வெட்டு. அதை விட்டுவைத்தால் அழுகல் மறுபடி ஏறும். வேரே மிஞ்சாவிட்டாலும் பயமில்லை, தண்டு கொஞ்சம் இருந்தால் போதும். வெட்டின இடம் காய்ந்து இறுகும்வரை ஒரு வாரம் நிழலில் கிடத்து. அப்புறம் நட்டு, இன்னொரு வாரத்துக்குத் தண்ணீர் காட்டாதே.

"மண்ணில்லாம ஒரு வாரம் இருக்குமா?" என்று பதறுவார்கள். கண்திருஷ்டிக்காக வாசல் நிலையில் தலைகீழாகக் கட்டுகிற கற்றாழையை நினைத்துப் பார்க்கச் சொல். மண்ணும் தண்ணீரும் இல்லாமல் அது மாதக்கணக்கில் பச்சையாகத் தொங்குகிறதே! அரேபியத் தீபகற்பத்தின் வறண்ட நிலத்திலிருந்து வந்த செடி இது. பகல் வெயிலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, ராத்திரியில்தான் திறந்து காற்றை வாங்கும். அதனால் மடலில் சேர்த்துவைத்த தண்ணீர் அவ்வளவு லேசில் செலவாகாது.

குருத்து நசநசவென்று கையோடு வந்துவிட்டால் தாய்ச்செடி அவ்வளவுதான். அதை மறைக்காமல் சொல்லிவிட்டு, பக்கக்கன்று ஏதாவது உறுதியாக இருக்கிறதா என்று தேடு. இருந்தால் பிரித்து நட்டுக் கொடு. ஒற்றை மடலை மண்ணில் செருகி வளர்க்கலாம் என்று வீடியோ பார்த்துவிட்டு வருவார்கள். அது பெரும்பாலும் அழுகித்தான் போகும்.

நம் பக்கத்தில் ஏன் இந்த நோய் என்று யோசித்திருக்கிறாயா? ஆண்டாள் ஊரில் பல வீடுகளில் துளசிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றாமல் பொழுது விடியாது. அதே செம்பு, பக்கத்திலிருக்கிற கற்றாழைக்கும் சாய்கிறது. பக்தியோடும் பாசத்தோடும் செய்கிறவர்களிடம் கடிந்து பேசாதே. "துளசிக்கு ஊத்துங்க. இதுக்கு மட்டும் விரலை ரெண்டு அங்குலம் மண்ணுக்குள்ள விட்டு, காஞ்சிருந்தா ஊத்துங்க" என்று சொல்.

அடுத்தது மண். மலையடிவாரத்துச் செம்மண்ணைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். கிழக்கே போகப் போகக் கரிசல். பருத்திக்கு அருமையான மண்தான், ஆனால் தொட்டிக்குள் நனைந்தால் ஊதிக் களியாகிவிடும், காய்ந்தால் வெடித்து வேரை அறுக்கும். ஆந்திராவில் கடியம் போன்ற இடங்களிலிருந்து லாரியில் வருகிற செடிகளில் வேரைச் சுற்றித் தென்னை நார்க்கழிவு அடைத்திருந்தால், அதை உதிர்த்துவிட்டு நடு. மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு பருமணல், அரைப் பங்கு மக்கிய தொழு உரம், அடியில் ஓட்டையுள்ள மண் தொட்டி. இது போதும்.

மடல் வெளுத்து நீண்டு படுத்துவிட்டால் வெளிச்சம் போதவில்லை; வீட்டுக்குள்ளிருந்து நேராக மொட்டை மாடிக்கு ஏற்றாமல் பத்து நாளில் படிப்படியாகப் பழக்கச் சொல். அக்கினி நட்சத்திரத்தில் செம்பழுப்பாக மாறினால் கொஞ்சம் நிழல் கொடுத்தாலே போதும். மடல் இடுக்கில் மாவுப்பூச்சி இருந்தால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடை. கரடுமுரடாக மரு மரு போலக் கிளம்பியிருந்தால் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேனாக இருக்கும். அந்தப் பகுதியை வெட்டி எரித்துவிட்டு, செடியை மற்றதோடு சேர்க்காமல் தனியே வை.

பழைய மடலின் தழும்பு மறையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடு. நடுக்குருத்தில் புது மடல் வருகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்.

இன்னொன்றும் இருக்கிறது, இதில்தான் நீ மிகவும் கவனமாக இருக்க வேண்டும். கற்றாழையை மக்கள் முகத்தில் தடவுகிறார்கள், சோற்றை எடுத்து மோரில் போட்டுக் குடிக்கிறார்கள். உன் நர்சரியில் வீரியமான பூச்சிமருந்து அடித்த செடியென்றால், விற்கும்போதே அதைச் சொல்லி, சாப்பிடவோ தடவவோ கூடாது என்று எழுதியும் ஒட்டு. மருந்து அடிக்காத செடியானாலும், மடலை வெட்டியதும் வடிகிற மஞ்சள் பாலை முழுக்க வடியவிட்டு, சோற்றைப் பலமுறை கழுவச் சொல். அந்தப் பால் காய்ந்தால்தான் கரியபோளம். வயிற்றுக்குள் போனால் பேதியாகும். கர்ப்பிணிகள் கேட்டால், சாப்பிட வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லி அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்